விடிய நடையா, வேலைக்குச் சைக்கிளா, பின்னேர விளையாட்டா, வீட்டுக்குள்ளேயா: வன்னியில் உடற்பயிற்சிக்கு நேரம் எடுக்கும் வழிகள்

உடற்பயிற்சி தொடங்க நினைப்பவர்கள் "எது உடம்புக்கு நல்லது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அரை மணித்தியாலப் பயிற்சிக்கு நாளில் உண்மையாக எவ்வளவு நேரம் செலவாகிறது? வருசத்தில் எந்த மாதம் அது நின்றுபோகும்? வன்னியில் இரண்டாவது கேள்விதான் கனமானது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மாரி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு சோளகக் காற்று எழும்பும். பங்குனி, சித்திரையில் புழுக்கம். நடுவில் விதைப்பும் அறுவடையும் வரும். வெளியில் செய்யும் எந்தப் பயிற்சியை எடுத்தாலும் இவற்றில் ஒன்று அதை முறிக்கும். தை பிறக்கத் தொடங்கியவர் ஆடியில் கைவிட்டால் அவருக்கு மனவுறுதி இல்லை என்று சொல்லிவிடுகிறோம். ஆடிக்கு என்ன செய்வது என்று அவர் தையிலேயே யோசித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே கீழே உள்ள வழிகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யாதீர்கள். முறியும் மாதங்கள் வேறுவேறாக உள்ள இரண்டைச் சோடியாக எடுங்கள்.

அளவு எவ்வளவு என்பதில் குழப்பம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், வளர்ந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது. நன்றாக மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். முன்பு ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020 இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். சந்தியில் பஸ் பிடிக்க 6 நிமிடம் விறுவிறு என்று நடந்தால் அதுவும் சேரும். மிதமானது என்றால், கூட வருபவரோடு கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது. நடையில் அது நிமிடத்துக்கு 100 காலடி அளவில் வரும்.

வேலைக்குச் சைக்கிள்

பரந்தனில் இருந்து கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் 8 நிமிடம், சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் 20 நிமிடம். போகவர 40 நிமிடப் பயிற்சி கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளில் எப்படியும் செலவாகும் 16 நிமிடத்தைக் கழித்தால், நாளில் கூடுதலாகக் கொடுப்பது 24 நிமிடம் மட்டும். 24 கொடுத்து 40 எடுக்க முடிகிற வழி இந்தக் கட்டுரையில் இது ஒன்றுதான். ஐந்து நாளில் 200 நிமிடம் சேர்ந்துவிடும்.

இது பொருந்துவது வேலைத்தலம் 3 முதல் 7 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளவர்களுக்கு. 2 கிலோமீற்றருக்குள் என்றால் நடந்தே போகலாம். வவுனியாவில் இருந்து மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ நாளாந்தம் பஸ்சிலும் ரயிலிலும் போய்வருபவர்கள், வீட்டில் இருந்து தரிப்பிடம் வரையாவது சைக்கிளில் போய் அதை ஒரு கடையில் விட்டுப் பூட்டலாம். 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் பத்தியில் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. வரிசை ஓய, அவையும் பத்திக்குத் திரும்பின. அந்தச் சைக்கிளைத் திரும்ப ரோட்டுக்கு எடுக்கும்போது என்ன பிழைக்கும் என்று பார்ப்போம்.

முதலாவது சீற். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைத் தாழ்த்தி வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அப்படி ஓடினால் முழங்கால் எப்போதும் அளவுக்கு மேல் மடிந்தபடியே அழுத்தும். இரண்டாம் வாரத்தில் முழங்கால் சில்லின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும், "எனக்குச் சைக்கிள் ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். சரியான உயரத்தைச் சுவரோரம் பார்த்துவிடலாம். ஒரு கையால் சுவரைப் பிடித்துச் சீற்றில் இருந்து, பெடலை அடிக்குக் கொண்டுபோய், அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் சீற் கூட உயரம், முழங்கால் மடிந்து நின்றால் தாழ்வு. ஓடும்போது பெருவிரல் அடிப்பகுதியால்தான் மிதிக்கிறோம் என்பதால் முழங்கால் தேவையான சிறு மடிப்போடு இருக்கும். நீண்ட நாள் தாழ்வாக ஓடியவர் ஒரேயடியாக உயர்த்த வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சென்ரிமீற்றராக உயர்த்துங்கள்.

இரண்டாவது காற்று, ரயரில் உள்ளதும் ரோட்டில் அடிப்பதும். வாரக்கணக்கில் நின்ற சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும். பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் ரயர் அமிழக்கூடாது. காற்றுக் குறைவாக ஓடினால் மிதி கனக்கும், கிரவல் ரோட்டுக் குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிந்து இரண்டு ஓட்டை போடும். செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் ஒரு சென்ரிமீற்றர், மிஞ்சினால் ஒன்றரை ஆடலாம். மாரியில் சேறு பட்டால் துடைத்து எண்ணெய் விடாமல் ஓட வேண்டாம்.

சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். பரந்தனில் இருந்து ஏ9 வழியே தெற்கே கிளிநொச்சிக்கு வருபவருக்கு அது எதிர்க்காற்று. ஆனால் காலையில் காற்று இன்னும் பலப்பட்டிருக்காது, நல்ல வேகம் எடுக்கிற பின்னேரத்தில் அவர் வடக்கே திரும்புகிறார், முதுகைத் தள்ளும். முறிகண்டிப் பக்கம் இருந்து வருபவருக்கு எல்லாம் தலைகீழ். வேலை முடிந்து களைத்த நேரத்தில் முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும். அவர் ஆனி, ஆடி, ஆவணியில் மட்டும் வேறு பயிற்சிக்கு மாறுவது புத்தி. வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவெடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வேர்வை பற்றிய கவலை நியாயமானது. 10 நிமிடம் முந்திப் புறப்பட்டு, கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக மிதித்து, முகம் கழுவி, மேற்சட்டையை அங்கே மாற்றினால் 8.30 கையெழுத்துக்குச் சிக்கல் இல்லை. சேலை உடுத்துப் போகும் ஆசிரியைகளுக்குக் குறுக்குத் தண்டு இல்லாத சைக்கிளும், பின் சில்லுக்கு வலையும், செயினுக்கு முழு மூடியும் கட்டாயம். வலை கிழிந்திருந்தால் முந்தானை கம்பிக்குள் போகும். ஏ9 இல் பின்னால் வரும் பஸ் முந்தும்போது காற்று இழுக்கும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓடுங்கள். கார்த்திகையில் 5.50 அளவில் சூரியன் மறைந்துவிடும், பின்னால் சிவப்பு விளக்கு எரியாத சைக்கிளை அந்த மாதம் வெளியே எடுக்க வேண்டாம். இந்த வழி முறியும் காலம் அடைமழை வாரங்களும், சிலருக்குச் சோளகமும்.

விடிய நடை

செலவில்லாதது, யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆனால் நேரக் கணக்கில் மலிவானது அல்ல. 30 நிமிடம் நடக்க, எழும்பி முகம் கழுவி, சப்பாத்துக் கட்டி, திரும்பி வந்து வேர்வை ஆற்றிக் குளிக்க என்று 55 நிமிடம் போய்விடும். பாடசாலை 7.30 க்குத் தொடங்குகிற வீடுகளில் அந்த 55 நிமிடம் யாருடையது என்று கேட்க வேண்டும். கணவர் 5.30 க்குக் குளக்கட்டில் நடக்கும்போது மனைவி தேங்காய் துருவிக்கொண்டு நிற்கிறார் என்றால், அவருடைய நடைக்கு இவருடைய நேரம்தான் செலவாகிறது. வாரத்தில் மூன்று நாள் அவர், மூன்று நாள் இவர், நடக்காதவர் அடுப்படி என்று பிரித்துக்கொள்ளும் வீட்டில்தான் இந்த வழியை இருவருக்கும் சிபாரிசு செய்யலாம்.

இடம் முக்கியம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளக்கட்டுகள் நடக்க அருமையானவை, தண்ணீர்ப் பக்கக் காற்று வேர்வையை ஆற்றும். ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் நிலம் நன்றாக வெளிக்கும் முன் கட்டுக்கும் காட்டோரத்துக்கும் போகக்கூடாது, யானை தண்ணீருக்கு வந்து திரும்பும் நேரம் அது. மார்கழி, தையில் சூரியன் உதிக்க 6.20 ஆகும், ஆகவே அந்த மாதங்களில் 5.30 நடை முழு இருட்டில்தான். வரம்பிலும் புல்லிலும் விரியன் கிடக்கும், ரோர்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடங்களில் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கக்கூடாது.

தனியே போகும் பெண்களுக்குக் குளக்கட்டைவிடப் பாடசாலை மைதானம் நல்லது. அதிபரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். 200 மீற்றர் சுற்று என்றால் 15 சுற்று 3 கிலோமீற்றர். கையில் 15 சிறு கல் வைத்துச் சுற்றுக்கு ஒன்றாகப் போட்டு வந்தால் எண்ணிக்கை தவறாது. எட்டாவது சுற்றில் திசையை மாற்றுங்கள். ஒரே பக்கம் வளைந்து நடந்தால் உட்காலின் கணுக்காலும் இடுப்பும் ஒரு மாதத்தில் நோகும்.

பாட்டா செருப்போடு வேகமாக நடக்கக்கூடாது. செருப்புக் கழலாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கிப் பிடிக்கும், உள்ளங்கால் நார் இழுபடும். பிறகு விடிய எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி குத்தும். பின்பக்கம் பட்டி உள்ள செருப்பாவது வேண்டும். நடை முறியும் காலம் மாரி. அதோடு, நெல்லு வெட்டும் நாட்களில் வயற்காரர் யாரும் காலை நடைக்கு வரமாட்டார்கள்.

பின்னேர விளையாட்டு

சந்தோசம் என்ற கணக்கில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. நேரக் கணக்கில் இதுதான் அதிக விலை. கரப்பந்தாட்டத்தில் பக்கத்துக்கு ஆறு பேர், வெளியே எட்டுப் பேர் முறைக்கு நிற்பார்கள். ஒன்றரை மணித்தியாலம் மைதானத்தில் நின்றால் உடம்பு உண்மையாக ஆடுவது 40 நிமிடம் இருந்தால் அதிகம். அலுவலகம் 4.15 க்கு விட்டு, வீடு வந்து, உடுப்பு மாற்றி 5 மணிக்கு மைதானத்துக்குப் போனால் கார்த்திகையில் வெளிச்சம் 50 நிமிடம்தான் மிச்சம். ஆடியில் அது ஒன்றரை மணித்தியாலம். கோடையில் இதை முதன்மையாகவும் மாரியில் வேறொன்றையும் வைத்துக்கொள்வதுதான் இயல்பு.

ஆள் குறைவாக, நேரம் குறைவாக இருந்தால் கிளித்தட்டு. பந்து வேண்டாம், சாம்பலால் கோடு போட்டால் போதும், வெட்டின வயலிலேயே ஆடலாம். தட்டைக் கடக்கக் குறுகிய பாய்ச்சல், நின்று மூச்சு, மறுபடி பாய்ச்சல். 20 நிமிடத்திலேயே இது கடும் பயிற்சிக் கணக்கில் சேரும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டது பெரிய நட்டம். கலியாணத்துக்குப் பிறகு வலைப்பந்தை விட்டுவிட்ட பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்தால் கோவில் வீதியிலும் இதை ஆடலாம்.

நாற்பது வயதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுபவர்களுக்குத்தான் கணுக்கால் புரளும், பின்கால் நரம்பு பிடிக்கும். வாரம் முழுவதும் கதிரையில் இருந்த தசையை ஒரேயடியாகப் பாய விடுவதால் வரும் வினை அது. 8 நிமிடம் மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, கால் வீச்சு முடித்த பிறகே உள்ளே இறங்குங்கள்.

வீட்டுக்குள் 15 நிமிடம்

மழையோ வெயிலோ இருட்டோ முறிக்காத ஒரே வழி. அதோடு, மேலே சொன்ன மூன்றும் காலையும் மூச்சையும் பார்த்துக்கொள்ளும், கை, முதுகு, இடுப்புத் தசைகளை இதுதான் பார்க்கும். வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் என்று வழிகாட்டல் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது 12 தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12, இலகுவானதும் மேசை விளிம்புக்கும் பிறகு நிலத்துக்கும் இறக்குங்கள். மல்லாந்து படுத்து முழங்கால் மடித்து இடுப்பை உயர்த்துவது 12. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை ஒரு கையில் தூக்கி, மறு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து நின்று, முழங்கையைப் பின்னால் இழுப்பது பக்கத்துக்கு 10. நிரம்பிய கான் ஏறத்தாழ 5 கிலோ, குறைய வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைக்கலாம், இதைவிட வசதியான எடை கடையில் கிடைக்காது. கடைசியாக முழங்கையை ஊன்றிக் குப்புற உடம்பை நேராகப் பிடித்து 20 விநாடி. இந்த ஐந்தையும் ஒருமுறை முடிக்க 6 நிமிடம், இரண்டு சுற்று போதும். எல்லாவற்றிலும் 15 தடவை இலகுவாக வந்த பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள், தசை வளர்வது அந்த நாளில்தான்.

பிளாஸ்ரிக் கதிரை மாபிள் நிலத்தில் வழுக்கும். இருக்கப் போகும்போது பின்னால் நழுவினால் நாரியில் விழுவீர்கள். கதிரையின் முதுகைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும், பாரத்தை இழுக்கும்போது மூச்சை விடுங்கள். சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு கயிறடிப்பது முழங்காலுக்குக் கூடாது, முற்றத்து மண்ணில் செய்யலாம்.

இதையும் முறிக்க ஒன்று இருக்கிறது, கைத்தொலைபேசி. மற்றப்படி நேரம் நிச்சயமில்லாததால் நழுவும். "பிறகு செய்வம்" என்று விட்டால் இரவு பத்தாகிவிடும். சோறு உலையில் கொதிக்கும் நேரம், பிள்ளை ரியூசனில் இருக்கும் நேரம் என்று வேறொரு வேலையோடு கட்டிவிட்டால் நிற்கும்.

ஜிம் பற்றிச் சுருக்கமாக: அது உங்கள் வேலைத்தலத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. அதற்கென்று தனியே 10 கிலோமீற்றர் ஓட வேண்டுமானால் மூன்றாம் மாதம் காசு மட்டும்தான் போய்க்கொண்டிருக்கும்.

வயல் வேலை பயிற்சியாகாதா என்று கேட்பது சரியான கேள்வி. விதைப்பும் களையும் மருந்தடியும் நடக்கும் வாரங்களில் ஆகும், அந்த நாட்களில் மேலதிக நடை தேவையில்லை. ஆனால் இப்போது உழுவது ரக்டர், வெட்டுவது மெசின். 16 லீற்றர் மருந்து ராங்கியை முதுகில் சுமந்து குனிந்து நடப்பது நாரியைத் தேய்க்கும், வலுப்படுத்தாது. அவருக்கு வேண்டியது இடுப்பு உயர்த்தலும் கான் இழுப்பும். சிறுபோகம் முடிந்து காலபோகம் தொடங்கும் வரை உடம்பு திடீரென்று ஓய்ந்துவிடும், சீனியும் எடையும் ஏறும் காலம் அதுதான். அந்த வாரங்களில் மட்டும் நடையைத் தொடங்குங்கள்.

சிலருக்குத் தனியாக

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கக்கூடாது. இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டு, சட்டைப் பையில் நாலு ரொபி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வேர்த்தால் உடனே வாயில் போட்டு உட்காருங்கள். வந்ததும் பாதத்தைப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது. நெஞ்சு இறுக்கம், கைக்கு ஓடும் நோவு உள்ளவர்கள் கிளினிக்கில் காட்டாமல் எதையும் தொடங்க வேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சிறுநீர் வெளிறிய மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.

போர் காலைப் பறித்த பலர் இந்த மண்ணில் வாழ்கிறார்கள். உடற்பயிற்சி பற்றி எழுதுபவர்கள் அவர்களை மறந்தே எழுதுகிறார்கள். செயற்கைக் காலோடு வெயிலில் நீண்ட நடை நல்லதல்ல. உறைக்குள் வேர்வை தேங்கித் தோல் உரிந்து புண்ணாகும், பிறகு வாரக்கணக்கில் காலை மாட்ட முடியாது. 10 நிமிடம் நடந்து, கழற்றி, துடைத்து, மாற்று உறை போட்டு மறுபடி 10 நிமிடம் நடக்கலாம். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் பலருக்குச் சைக்கிள் நடையைவிட இலகு. முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு, கதிரையில் இருந்தபடி இரண்டு கையிலும் ஒன்றரை லீற்றர் போத்தலைப் பிடித்து 10 நிமிடம் குத்துவீச்சு வீசினால் மூச்சு நன்றாகவே வாங்கும்.

எந்தச் சோடி யாருக்கு

வேலைத்தலம் 7 கிலோமீற்றருக்குள் உள்ளவருக்குச் சைக்கிளும் வீட்டுப் பயிற்சியும். வேறு எந்தச் சோடியும் இதை வெல்லாது. நாளாந்தம் தூரப் பயணம் செய்பவருக்குத் தரிப்பிடம் வரை நடையும், முடிந்தால் ஒரு தரிப்பு முந்தி இறங்குவதும், சனி ஞாயிறில் விளையாட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு வீட்டுப் பயிற்சியை முதன்மையாக வைத்து, பின்னேரம் பிள்ளையை ரியூசனில் விட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஒழுங்கையில் நடை. காலை 7 இல் இருந்து இரவு 8 வரை கடையில் நிற்பவருக்கு, மத்தியானம் ஆள் ஓய்ந்த நேரத்தில் கடைக்குள்ளேயே 6 நிமிடச் சுற்று இரண்டு, விடியக் கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ வருவது. ஓய்வு பெற்றவருக்கு நடையும் வீட்டுப் பயிற்சியும்.

இரண்டு வாரம் நின்றுபோனால் விட்ட இடத்தில் இருந்து தொடங்க வேண்டாம். நேரத்தையும் எடையையும் பாதியாக்கி முதல் வாரம், முக்காலாக்கி இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் பழைய அளவு. காய்ச்சலால் நின்றது என்றால், காய்ச்சல் விட்டாலும் களைக்காமல் படியேற முடியும் வரை சைக்கிளைத் தொட வேண்டாம், மெதுநடை மட்டும். டெங்கு என்றால் வைத்தியர் சரி என்று சொல்லும் வரை அதுவும் வேண்டாம்.